விந்தணுவோடு ஓர் ஆயுள்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் குழந்தையின்மைச் சிகிச்சை பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதுகையில், ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ரியூசோ யானகிமாச்சியின் பெயரை ஒரே வரியில் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரியைப் பற்றிக்கொண்டு வந்த கடிதங்களே இம்முறை மிகுதி. ஆகவே, இந்த இதழின் பக்கங்களை அவருக்கும் அவர் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த விந்தணுவுக்குமே ஒதுக்குகிறேன். கேட்டுக்கொண்டபடி எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

யானகிமாச்சி மருத்துவரா? ஆண்களின் இனப்பெருக்கம் பற்றிய ஆய்வுக்கு அவர் எப்படி வந்தார்?
(கல்லூரி மாணவி, திருச்சி)

மருத்துவர் அல்லர், விலங்கியல் படித்தவர். 1928-இல் ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவில் பிறந்து, ஹொக்கைடோ பல்கலைக்கழகத்திலேயே படித்தார். முதலில் அவர் கையில் எடுத்தது ஹெர்ரிங் மீன். நம் மத்திக்கு நெருங்கிய உறவான இந்த மீன், வசந்த காலத்தில் ஹொக்கைடோவின் கரையோரம் கூட்டங்கூட்டமாக வந்து கடற்பாசிகளின் மேல் முட்டையிடும். ஆண் மீன்கள் விந்தைப் பீய்ச்சும்போது கரையோரக் கடலே பால் கலந்ததுபோல் வெளுத்துப்போகும்.

பெரும்பாலான மீன்களின் விந்தணுக்கள் நீரில் விழுந்த கணமே துடித்து நீந்தத் தொடங்கும். சற்று நேரத்தில் ஓய்ந்தும் போகும். ஹெர்ரிங்கின் விந்தணுவோ கடல்நீரில் ஏறத்தாழ அசைவின்றிக் கிடக்கும். அம்மீனின் முட்டையைச் சுற்றித் தடித்த உறை ஒன்று உண்டு. அந்த உறையில் மைக்ரோபைல் என்னும் ஒரே ஒரு நுண்துளை மட்டுமே விந்தணுவுக்கு வாசல். அசையாமல் கிடந்த விந்தணு அந்த வாசலுக்கு அருகில் வந்ததும் உறக்கம் கலைந்ததுபோல் வாலை வீசித் துளைக்குள் இறங்கிவிடும். இதைக் கண்ணால் கண்டு, இதில் கால்சியத்துக்கு உள்ள பங்கையும் ஆராய்ந்து, 1953-இல் தம் பேராசிரியரோடு சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டபோது அவருக்கு வயது இருபத்தைந்து. விந்தணு எப்போது நீந்த வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில் முட்டைக்கும் பங்குண்டு என்ற எண்ணம் அவருக்கு அங்கேயே விழுந்துவிட்டது என்பது என் துணிபு.

அடுத்து அவர் எடுத்துக்கொண்டது, துறவி நண்டுகளின் உடலில் ஒட்டுண்ணியாக வாழும் ஓர் உயிரி. ஓர் உடலிலேயே ஆணும் பெண்ணும் சேர்ந்திருப்பதாகவே அதுவரை எல்லோரும் கருதியிருந்தார்கள். ஆண் குஞ்சுயிரி தன் உயிரணுக்களைப் பெண்ணின் உடலுக்குள் செலுத்திவிட்டு மறைந்துபோகிறது என்பதையும், பெண்ணின் விந்தகம் என்று எண்ணப்பட்ட உறுப்பு உண்மையில் அந்த ஆணின் எச்சமே என்பதையும் யானகிமாச்சி காட்டினார். இவ்வளவு செய்தவருக்கும் ஆய்வுப் பணி கிடைக்கவில்லை. சிறிது காலம் உயர்நிலைப்பள்ளியில் பாடம் நடத்தினார். 1960-இல் முனைவர் பட்டம் பெற்றுக்கொண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்டர் அறக்கட்டளை ஆய்வகத்துக்கு, எம். சி. சாங் என்னும் சீன விஞ்ஞானியிடம் போய்ச் சேர்ந்தார். கருத்தடை மாத்திரை உருவானதும் அதே ஆய்வகத்தில்தான். கருவைத் தடுக்கும் வழியும் கருவை உண்டாக்கும் வழியும் ஒரே கூரையின் கீழ் ஆராயப்பட்டன. இரண்டுக்கும் வேண்டியிருந்தது ஒரே அறிவுதானே.

விந்தணு கருமுட்டையைத் துளைக்கும் முன் ‘தயாராக வேண்டும்’ என்று எழுதியிருந்தீர்கள். உடலிலிருந்து வெளிவரும்போதே அது முழுமையாக இருக்காதா?
(பள்ளி ஆசிரியர், நாகர்கோவில்)

இருக்காது என்பதுதான் இந்தத் துறையின் பெரிய கண்டுபிடிப்பு. விந்தகத்தில் உருவாகும் விந்தணுவுக்குத் தலை, வால் எல்லாம் இருக்கும், நீந்தத் தெரியாது. எபிடிடிமிஸ் என்னும் நீண்டு சுருண்ட குழாயில் பல நாட்கள் பயணம் செய்து நீந்தும் ஆற்றலைப் பெறுகிறது. நீந்தக் கற்ற பிறகும் அதனால் கருமுட்டைக்குள் நுழைய முடியாது. பெண்ணின் உடலுக்குள் சில மணி நேரம் இருந்த பிறகே அந்தத் தகுதி வருகிறது. 1951-இல் அமெரிக்காவில் சாங்கும் ஆஸ்திரேலியாவில் ஆஸ்டினும், ஒருவரைப்போல் மற்றவரும் தனித்தனியே இதைக் கண்டறிந்தார்கள். ‘கெபாசிடேஷன்’ என்ற பெயரை மறு ஆண்டு இட்டவர் ஆஸ்டின். விந்தணுவையும் முட்டையையும் கண்ணாடித் தட்டில் சேர்த்து வைத்துப் பார்த்தவர்கள் பல ஆண்டுகளாகத் தோற்றுக்கொண்டிருந்ததற்கு இந்தத் தயார்நிலையை அறியாமல் போனதே முக்கியக் காரணம்.

சாங் 1959-இல் முயலின் முட்டைகளை உடலுக்கு வெளியே கருவுறச் செய்து குட்டிகளையும் பெற்றுக் காட்டினார். ஆனால் அந்த விந்தணுக்களைப் பெண் முயலின் கருப்பையில் வைத்துத் தயார்செய்து எடுக்க வேண்டியிருந்தது. அந்தத் தயார்நிலையை உடலுக்கு வெளியிலேயே, தட்டிலுள்ள திரவத்திலேயே உண்டாக்க முடியும் என்று 1963, 1964 ஆண்டுகளில் ஹாம்ஸ்டர் என்னும் எலி போன்ற சிறு விலங்கில் காட்டியவர்கள் யானகிமாச்சியும் சாங்கும். இந்தப் படி இல்லாவிட்டால் சோதனைக்குழாய்க் குழந்தை என்ற பேச்சுக்கே இடமிருந்திருக்காது. 1969-இல் கேம்பிரிட்ஜில் எட்வர்ட்ஸ், பேவிஸ்டர், ஸ்டெப்டோ ஆகிய மூவரும் மனித முட்டையை உடலுக்கு வெளியே கருவுறச் செய்தார்கள். அப்போது கைகொடுத்தது, ஹாம்ஸ்டர் விந்தணுவுக்காக பேவிஸ்டர் வகுத்திருந்த திரவ முறையே.

ஹாம்ஸ்டரை அவர் தேர்ந்தெடுத்ததும் நல்ல யோகம்தான். விந்தணுவின் தலையில் அக்ரோசோம் என்னும் பை ஒன்று தொப்பிபோல் கவிந்திருக்கும். முட்டையின் உறையைக் கடக்க உதவும் நொதிகள் அதில் உள்ளன. மனித விந்தணுவில் அது மிகச் சிறியது. ஹாம்ஸ்டரில் பெரிதாக இருப்பதால், அது திறந்துகொள்வதை உயிருள்ள விந்தணுவிலேயே நுண்ணோக்கி வழியே நேரே பார்க்கலாம். அப்படி மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தவர் கண்ணில் இன்னொன்றும் பட்டது. முதலில் நேர்கோட்டில் ஒழுங்காக நீந்தும் விந்தணு, சில மணி நேரம் கழித்து, வாலைச் சவுக்குபோல் ஓங்கி வீசி, எட்டு என்ற எண்ணை எழுதுவதுபோல் சுழன்று துள்ளத் தொடங்குகிறது. செத்துக்கொண்டிருக்கும் விந்தணுவின் கடைசித் துடிப்பு என்று ஒதுக்கிவிடக்கூடிய காட்சி அது. முட்டைக்குள் நுழைவதற்குத் தேவையான வேகமே அது என்று 1970 வாக்கில் அவர் எழுதினார். இன்று மிகையியக்கம் என்ற பெயரில் ஒவ்வொரு பாடநூலிலும் அது இடம்பெற்றிருக்கிறது.

நான் மாணவனாக இருந்தபோது, ஆட்டின் எபிடிடிமிஸைக் கீறி எடுத்த ஒரு துளியை வெதுவெதுப்பான உப்புக் கரைசலில் விட்டு நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறேன். கண்ணாடி வில்லை சற்றே குளிர்ந்தால் போதும், எல்லாம் நின்றுவிடும். உள்ளங்கையால் பொத்திச் சூடேற்றினால் மறுபடியும் எழும். அன்று அதை வேடிக்கையாகத்தான் பார்த்தேன். அந்தக் காட்சியை எழுபது ஆண்டுகள் அலுக்காமல் பார்த்த ஒருவர் இருந்தார் என்பது பின்னால்தான் தெரிந்தது.

மனித விந்தணுவை ஹாம்ஸ்டரின் முட்டையோடு சேர்த்தார் என்று படித்தேன். இது முறையா?
(வாசகர், மதுரை)

உங்கள் கலக்கம் நியாயமானது. ஆகவே நடந்ததைச் சொல்கிறேன். ஒவ்வோர் இனத்தின் முட்டையையும் சுற்றி, பிற இன விந்தணுவை உள்ளே விடாத உறை ஒன்று இருக்கிறது. அதை நீக்கிவிட்டால் ஹாம்ஸ்டரின் முட்டை மனித விந்தணுவையும் ஏற்கும் என்று 1976-இல் யானகிமாச்சியும் அவருடைய குழுவினரும் அறிவித்தார்கள். அதிலிருந்து எந்த உயிரும் உண்டாவதில்லை. ஓர் ஆணின் விந்தணு முட்டைக்குள் நுழையும் திறன் உடையதா என்பதை, மனித முட்டை எதையும் செலவிடாமல் அறிவதற்கான சோதனையாக அது பல ஆண்டுகள் பயன்பட்டது. அதைவிடப் பெரிய பயன் ஒன்றும் உண்டு. விந்தணுவின் தலைக்குள் மரபுப்பொருள் கல்போல் இறுகிக் கிடப்பதால், அதிலுள்ள குரோமோசோம்களை எண்ணிப் பார்க்க வழியே இல்லாதிருந்தது. ஹாம்ஸ்டரின் முட்டைக்குள் அது நெகிழ்ந்து விரிந்தபோது, மனித விந்தணுவின் குரோமோசோம்களை 1978-இல் முதன்முறையாக நேரில் பார்க்க முடிந்தது. நான் இதைத் தவறென்று கருதவில்லை.

ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் ‘இக்ஸி’ முறையைக் கண்டுபிடித்தவர் அவர்தானா?
(மருந்தாளுநர், சேலம்)

மனிதரில் அதைச் சாதித்தவர்கள் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் பணியாற்றிய பலேர்மோவும் அவர் குழுவினரும். அவர்களுடைய கட்டுரை 1992-இல் வெளிவந்தது. ஆனால் அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே, உவேஹாரா என்னும் ஜப்பானிய ஆய்வாளரோடு சேர்ந்து, விந்தணுக்களை ஹாம்ஸ்டர் முட்டைக்குள் ஊசியால் செலுத்தி, அவற்றின் உட்கரு இயல்பாக விரிவதை யானகிமாச்சி காட்டிவிட்டார். நீந்துதல், ஒட்டுதல், உறையைத் துளைத்தல் ஆகிய எல்லாவற்றையும் தாண்டிக் கொண்டுபோய் உள்ளே வைத்தாலும் முட்டை தன் வேலையைச் செய்யும் என்ற அடிப்படை அங்கே நிலைநாட்டப்பட்டது. கதவு ஹவாயில் திறந்தது, உள்ளே நுழைந்தவர்கள் பிரஸ்ஸல்ஸ்காரர்கள் என்று கொள்ளலாம்.

சுண்டெலியில் மட்டும் இது நெடுங்காலம் கைகூடவில்லை. ஊசி பட்டதும் அதன் முட்டை வெடித்துவிடும். நுனி மழுங்கிய குழாயை மின்துடிப்பால் நுட்பமாக அதிரச் செய்யும் பைசோ கருவியைப் பயன்படுத்தி, கிமுராவும் யானகிமாச்சியும் 1995-இல் அதையும் வென்றார்கள். வால் முளைக்காத முதிராத விந்தணுக்களிலிருந்தும் எலிக்குட்டிகள் பிறந்தன.

எனக்கு வயது 34. விந்துப் பரிசோதனையில் ‘அசையும் விந்தணு பூஜ்யம்’ என்று வந்திருக்கிறது. வீட்டில் என் மனைவியைத்தான் குறை சொல்கிறார்கள். எனக்குக் குழந்தை பிறக்கவே பிறக்காதா?
(பெயரும் ஊரும் வேண்டாம்)

முதலில், உங்கள் மனைவியைக் குறை சொல்வதை நிறுத்தச் சொல்லுங்கள்; அந்த அறிக்கையை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். அது மருந்தைவிட முன்னால் வர வேண்டியது.

அடுத்து, ஒரே ஒரு பரிசோதனையை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும். அதன் பிறகு எபிடிடிமிஸ் பயணம். ஆகவே, மூன்று மாதங்களுக்கு முன் வந்த கடுங்காய்ச்சலின் விளைவு இன்றைய அறிக்கையில் தெரியலாம். மாதிரியை வீட்டிலிருந்து கொண்டுபோகையில் நேரம் கடந்தாலும், குளிர்ந்துபோனாலும் அசைவு குறையும். உடற்பயிற்சிக் கூடங்களில் உடம்பேற்றுவதற்காகப் போடப்படும் டெஸ்டோஸ்டீரோன், ஸ்டீராய்டு ஊசிகள் விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடக் கூடியவை; அப்படி ஏதேனும் போட்டுக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கையேட்டின்படி, அசையும் விந்தணு 42 விழுக்காடு என்பது கீழ் எல்லை. அதற்குக் கீழே இருப்பவர்களுக்கும் இயல்பாகவே குழந்தை பிறந்திருக்கிறது.

இனி, யானகிமாச்சியின் ஆய்வு உங்களுக்குச் சொல்வது. அசையாத விந்தணு வேறு, இறந்த விந்தணு வேறு. 1976-இல் ஸ்வீடனில் அஃப்ஸீலியஸ் என்னும் விஞ்ஞானி, விந்தணு அசையாத ஆண்கள் சிலரின் விந்தணு வாலில் டைனீன் என்னும் இயக்கப் புரதத்தின் கரங்களே இல்லை என்பதைக் கண்டறிந்தார். மூச்சுக்குழாயிலுள்ள நுண்மயிர்களுக்கும் அதே குறை இருந்ததால் அவர்களுக்கு ஓயாத சளித்தொல்லையும் இருந்தது. அத்தகைய விந்தணுவுக்கு உயிர் இருக்கும், ஓடத்தான் முடியாது. உயிருள்ளதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. உப்புச் செறிவு குறைந்த கரைசலில் விந்தணுவை விட்டால், உயிருள்ள விந்தணுவின் சவ்வு நீரை உள்ளிழுத்து உப்பி, வால் நுனி சுருண்டுகொள்ளும். இறந்ததன் வால் அப்படியே நீட்டிக்கொண்டு கிடக்கும். இப்படி வால் சுருண்டவற்றிலிருந்து ஒன்றைத் தேர்ந்து இக்ஸி முறையில் முட்டைக்குள் செலுத்திக் குழந்தை பெற்றவர்கள் உண்டு. வெளிவரும் விந்தில் உயிருள்ளது கிடைக்காதபோது விந்தகத்திலிருந்தே எடுத்துப் பார்ப்பதும் உண்டு.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சில குறைகள் மரபணுவில் இருக்கும். ஒய் குரோமோசோமில் ஒரு துண்டு விடுபட்டுப்போனதால் விந்தணு குறைந்த ஆணுக்கு இக்ஸி வழியே மகன் பிறந்தால், அதே குறை மகனுக்கும் போகும். ஆகவே மரபணு ஆலோசனையோடு, குழந்தையின்மைச் சிகிச்சை மையங்களுக்கான 2021-ஆம் ஆண்டு இந்தியச் சட்டப்படி பதிவுசெய்யப்பட்ட மையத்தில், ஆண்களைப் பரிசோதிக்கும் நிபுணரிடம் செல்லுங்கள். ‘இது நிச்சயம்’ என்று முன்கூட்டியே வாக்குறுதி தருபவர்களிடம் செல்லாதீர்கள்.

விந்தணுவை உலர்த்திப் பொடியாக வைத்திருந்தாலும் குட்டி பிறக்கும் என்கிறார்களே, நம்பலாமா?
(பொறியாளர், கோயம்புத்தூர்)

சுண்டெலியில் நம்பலாம். 1998-இல் வாகாயாமாவும் யானகிமாச்சியும் எலியின் விந்தணுக்களை உறையவைத்து உலர்த்தினார்கள். உடனடிக் காப்பித்தூள் செய்யும் முறையும் இதே வகைதான். நீர் சேர்த்தபோது அவை அசையவில்லை. எந்த அளவுகோலின்படியும் அவை இறந்தவை. இருந்தும், அவற்றின் தலையை முட்டைக்குள் செலுத்தியபோது நல்ல குட்டிகள் பிறந்தன. செல் இறந்துவிட்டது, ஆனால் அது சுமந்து வந்த ஓலை கெடவில்லை. பின்னாளில் ஜப்பானில் வாகாயாமா அத்தகைய உலர் விந்தணுவைப் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு அனுப்பினார். ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் விண்வெளியில் இருந்த விந்தணுவிலிருந்தும் நலமான குட்டிகள் பிறந்ததை 2021-இல் அறிவித்தார். மனிதருக்கு இம்முறை பயன்பாட்டில் இல்லை. உங்கள் நண்பர் எவரேனும் விளம்பரம் காட்டினால் விலகிவிடுங்கள்.

குளோன் செய்த எலியும் அவருடையதுதானா?
(வாசகி, தஞ்சாவூர்)

ஆம். 1997 அக்டோபர் 3-ஆம் நாள் ஹொனலூலுவில் பிறந்த அந்த எலியின் பெயர் குமுலினா. முட்டையைச் சுற்றியிருக்கும் குமுலஸ் செல்லிலிருந்து வந்ததால் அந்தப் பெயர். 1998-இல் கட்டுரை வெளிவந்தபோது உலகமே அவரைத் திரும்பிப் பார்த்தது. அதற்கு முன் குளோன் செய்யப்பட்ட டாலி ஆட்டைப் பற்றி ஐயம் எழுப்பியவர்களும் அதன் பிறகு அடங்கினார்கள். என் கணக்கில் அவருடைய பெரும்பணி இது அன்று. விந்தணுவுக்காகப் பழகிய கை, அதே ஊசியையும் அதே பைசோ கருவியையும் கொண்டு செய்த இன்னொரு வேலை.

நோபல் பரிசு ஏன் கிடைக்கவில்லை?
(வங்கி ஊழியர், சென்னை)

சோதனைக்குழாய்க் குழந்தைக்காக 2010-இல் எட்வர்ட்ஸுக்கு மட்டும் நோபல் கிடைத்தது. உயிரோடு இருப்பவர்களுக்கே அது தரப்படும் என்பதால், 1988-இல் மறைந்த ஸ்டெப்டோவும் 1991-இல் மறைந்த சாங்கும் கணக்கில் வரவில்லை. யானகிமாச்சி அப்போது இருந்தார், விடுபட்டார். அது எனக்குக் குறையாகவே படுகிறது. 2023 ஜூன் மாதம் அவருக்கு ஜப்பானின் கியோட்டோ பரிசு அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு கலைத்துறைக்கான பரிசைப் பெற்றவர் இந்திய ஓவியர் நளினி மலானி. நவம்பரில் விழா நடந்தபோது யானகிமாச்சி இல்லை. செப்டம்பர் 27 அன்று, தொண்ணூற்றைந்தாம் வயதில் காலமாகியிருந்தார்.

முதுகலை விலங்கியல் படிக்கிறேன். ஆண் இனப்பெருக்க உயிரியலில் இன்னும் ஆராய என்ன மிச்சமிருக்கிறது?
(மாணவர், சிதம்பரம்)

ஏராளமாக. யானகிமாச்சி ஹவாயில் நிறுவிய ஆய்வு நிறுவனத்தில், மோனிகா வார்டு என்னும் ஆய்வாளரும் குழுவினரும் 2014-இல் ஒரு வினாவுக்கு விடை கண்டார்கள்: ஆண் என்பதற்கு ஒய் குரோமோசோமில் எவ்வளவு வேண்டும்? செயற்கை முறையில் முட்டைக்குள் செலுத்துவதாக இருந்தால், எலியில் இரண்டே மரபணுக்கள் போதும். அப்படியானால் மற்றவை எதற்காக இருக்கின்றன? இது ஒரு வழி. பல ஆண்களிடம் விந்தணு குறைவதற்கான காரணம் எல்லாப் பரிசோதனைக்குப் பிறகும் ‘தெரியவில்லை’ என்றே எழுதப்படுகிறது; இது இன்னொரு வழி, நம் ஊர் மருத்துவமனைகளிலேயே காத்துக்கிடக்கிறது.

எந்த விலங்கை எடுப்பது என்று கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். எதை எடுத்தாலும் சரி, கண் அலுக்காமல் பார்க்க முடிந்ததை எடுங்கள். யானகிமாச்சி எண்பது வயதைக் கடந்த பின், நிதியும் பெரிய குழுவும் வேண்டாத ஒரு வேலையைத் தேர்ந்துகொண்டு, மீண்டும் மீன் முட்டைகளிடமே போனார். மைக்ரோபைல் துளையைச் சுற்றி உறையின் மேல் படிந்திருக்கும் பொருள் விந்தணுவை எப்படி வழிகாட்டி உள்ளே இறக்குகிறது என்பதை ஹெர்ரிங்கிலும் வேறு மீன்களிலும் பார்த்து, 2013-இல் ஒரு கட்டுரையும் 2017-இல் இன்னொன்றும் வெளியிட்டார். இரண்டாவது வந்தபோது அவர் தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருந்தார். இருபத்தைந்து வயதில் எழுப்பிய கேள்வி அது.